சிறு தொழிலுக்கு இணையதளம்: நியாயமான விலையை நீங்களே கணக்கிடும் முறை

ஒரே இணையதளத்துக்கு மூன்று பேரிடம் விலை கேட்டுப் பாருங்கள். முதலாமவர் ஒரு தொகை சொல்வார். இரண்டாமவர் அதைப் போல மூன்று மடங்கு சொல்வார். அலுவலகம் வைத்து நடத்தும் மூன்றாமவர் பத்து மடங்கு கேட்டாலும் வியப்பதற்கில்லை. மூவருமே ‘முழுமையான, கைப்பேசியிலும் நன்றாகத் தெரியும், தொழில்முறைத் தளம்’ என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இதில் யார் ஏமாற்றுகிறார், யார் உண்மை பேசுகிறார் என்று தெரியாமல் கடைசியில் மலிவானவரிடமோ நன்றாகப் பேசியவரிடமோ வேலையை ஒப்படைத்துவிடுகிறோம்.

சிறு தொழில் நடத்துபவர்களுக்குப் பல ஆண்டுகளாக இணையதளம் அமைத்துக் கொடுத்துவருகிறேன். என்னிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் ‘எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். ‘உங்கள் தேவையைப் பொறுத்தது’ என்று சொல்லி நழுவுவது எங்கள் தொழிலில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. தேவையைப் பொறுத்துத்தான் விலை மாறும். ஆனால் எப்படி மாறும் என்று விளக்க வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எந்த நாட்டில், எந்த நாணயத்தில் செலவழித்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையதளத்துக்குத் தேவையான மென்பொருளில் பெரும்பகுதி இலவசம். தளங்களைக் கட்டி நிர்வகிக்க உதவும் வேர்ட்பிரஸ் 2003-இல் வெளிவந்த நாளிலிருந்து யாரும் பணம் கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி வாங்க வேண்டியிருந்த பாதுகாப்புச் சான்றிதழை (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்க உதவுவது) லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்குகிறது. நல்ல எழுத்துருக்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியானால் நீங்கள் கொடுக்கும் பணம் எதற்கு? ஒரு மனிதர் உங்கள் தொழிலுக்காக உட்கார்ந்து வேலை செய்யும் மணிநேரங்களுக்கு. எத்தனை மணிநேரம், ஒரு மணிநேரத்துக்கு என்ன கூலி என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் எந்த கொட்டேஷனையும் எடைபோட்டுவிடலாம்.

முதல் படி: தளம் என்ன வேலை செய்ய வேண்டும்?

விலை கேட்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘என் தளத்துக்கு வருபவர் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?’ தொலைபேசியில் அழைக்க வேண்டுமா, நேரம் முன்பதிவு செய்ய வேண்டுமா, பொருளை அங்கேயே வாங்க வேண்டுமா, அல்லது உங்கள் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடுபவர் ‘உண்மையான ஆட்கள்தான்’ என்று நம்பினால் போதுமா?

பதில் எதுவோ அதுதான் தளத்தின் வகையைத் தீர்மானிக்கும். நம்பிக்கை ஊட்டினால் போதும் என்பவருக்கு ஒற்றைப் பக்கம் பெரும்பாலும் போதுமானது. சேவைகளை விளக்கி விசாரணைகளை வரவழைக்க ஐந்து முதல் எட்டுப் பக்கங்கள் வேண்டும். விற்பனை அங்கேயே நடக்க வேண்டுமென்றால் அது இணையக் கடை. அது முற்றிலும் வேறு அளவிலான வேலை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் வருபவர்கள்தான் தேவையில்லாததற்கு அதிகமாகச் செலவழிக்கிறார்கள். யாருமே எழுதப்போகாத வலைப்பதிவுப் பகுதி, யாருமே பதில் சொல்லப்போகாத அரட்டைப் பெட்டி, யாருமே பார்க்காத நகரும் படவரிசை எல்லாம் கொட்டேஷனில் வரிசையாக ஏறிக்கொள்ளும்.

இரண்டாம் படி: மணிநேரங்களை எண்ணுதல்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். விலை பிறக்கும் இடம் இதுதான்.

ஐந்து பக்கத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், செய்த வேலைகளின் படங்கள், தொடர்பு. இதை ஒழுங்காகச் செய்ய எனக்கு ஏறத்தாழ 60 மணிநேரம் ஆகிறது. ஐந்து பக்கத்துக்கு 60 மணிநேரமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று பாருங்கள்.

உங்களோடு பேசி, உங்கள் வாடிக்கையாளர் யார், அவர் என்ன கேட்பார், போட்டியாளர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, பக்கங்களின் வரைவைத் தாளில் போடுவதற்கு 6 மணிநேரம். எழுதுவதற்கும் படங்களைத் தயார் செய்வதற்கும் 12. வடிவமைப்புக்கு 14, இரண்டு சுற்றுத் திருத்தங்களும் இதில் அடங்கும். வடிவமைத்ததை உலாவியில் இயங்கும் தளமாகக் கட்டி எழுப்ப 16. தொடர்புப் படிவம், வரைபடம், தேடுபொறிகளுக்கான தலைப்புகளும் விவரங்களும், வருகைக் கணக்கு ஆகியவற்றுக்கு 5. பல கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் சோதித்துப் பிழை திருத்தி வேகத்தைச் சரிசெய்ய 5. தளத்தை ஏற்றிவிட்டு, அதை எப்படிக் கையாள்வது என்று உங்களுக்குச் சொல்லித்தர 2. கூட்டினால் 60.

இந்தப் பட்டியலில் எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது எழுத்தையும் படங்களையும்தான். ஒரு படத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடை உரிமையாளர் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் படம் 4,000 பிக்சல் அகலமும் 4 மெகாபைட் எடையும் இருக்கும். அதை அப்படியே பக்கத்தில் வைத்தால், இணைப்பு மெதுவாக உள்ள ஒருவருக்குப் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும், அவர் பொறுக்கமாட்டார். படத்தைத் தேவையான அளவுக்கு வெட்டி, வெளிச்சத்தைச் சீராக்கி, அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்து, எடையை 200 கிலோபைட்டுக்குள் கொண்டுவந்து, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் மாற்று விளக்கத்தை எழுத வேண்டும். படம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 24 படங்களுக்கு 4 மணிநேரம். மலிவான தளங்களில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தளம் ஏன் இப்படி இழுக்கிறது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்பீர்கள்.

இப்போது எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம். எழுத்தையும் படங்களையும் நீங்களே தயாராகக் கொடுத்தால் 12 மணிநேரம் 3 ஆகச் சுருங்கும். புதிதாக வடிவமைக்காமல் நல்ல ஆயத்த வார்ப்புருவை (முன்பே வடிவமைத்து வைத்த மாதிரித் தளத்தை) எடுத்து உங்கள் நிறங்களையும் லோகோவையும் பொருத்திக்கொண்டால் வடிவமைப்பு 14-லிருந்து 5 ஆகவும், கட்டுமானம் 16-லிருந்து 8 ஆகவும் குறையும். இரண்டையும் செய்தால் மொத்தம் 34 மணிநேரம். பாதிக்குச் சற்று மேல். வார்ப்புருவைப் பயன்படுத்துவதில் எந்தக் கேவலமும் இல்லை. தொடக்கநிலைத் தொழிலுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். வார்ப்புருவைப் பொருத்திவிட்டுப் புதிதாக வடிவமைத்த விலையை வாங்குவதுதான் தவறு. ஆகவே கேட்டுவிடுங்கள்: ‘இது வார்ப்புருவா, எனக்கென்று வரைவதா?’ நேர்மையானவர் தயங்காமல் பதில் சொல்வார்.

மற்ற வகைகளுக்கும் என் அனுபவக் கணக்கைத் தருகிறேன். ஒற்றைப் பக்கத் தளத்துக்கு 12 முதல் 20 மணிநேரம். முன்பதிவு வசதி சேர்த்தால் கூடுதலாக 8 முதல் 15. தளம் இரண்டு மொழிகளில் வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பு தவிர்த்தே 15 முதல் 20 மணிநேரம் கூடும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாவது மொழியில் மீண்டும் அடுக்கிச் சோதிக்க வேண்டியிருப்பதால். இணையக் கடைக்கு 120 முதல் 180 வரை ஆகும். கடையில் ஏன் இவ்வளவு என்றால், ஒவ்வொரு பொருளுக்கும் படம், விளக்கம், அளவு, விலை, இருப்பு ஆகியவற்றை உள்ளிட 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 50 பொருள்களுக்கு மட்டும் ஏறத்தாழ 17 மணிநேரம் போய்விடும். பிறகு பணம் பெறும் வசதி, வரிக் கணக்கு, அனுப்பும் செலவு, ஆர்டர் உறுதி மின்னஞ்சல்கள், பணம் திருப்பித் தரும் விதிகள், ஒவ்வொன்றுக்கும் சோதனை ஆர்டர்கள். பொருள்களை நீங்களே உள்ளிட ஒப்புக்கொண்டால் கணிசமாகக் குறையும். அதைச் செய்யக் கற்றுக்கொள்வதும் நல்லது, நாளைக்கு விலை மாறினால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

மூன்றாம் படி: ஒரு மணிநேரத்தின் விலை

உங்கள் ஊரில் நான்கைந்து ஆண்டு அனுபவமுள்ள ஓர் இணைய வடிவமைப்பாளருக்கு நிறுவனங்கள் மாதம் என்ன சம்பளம் தருகின்றன என்று வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பாருங்கள். அதுதான் நம் அளவுகோல்.

மாதச் சம்பளத்தை வேலை நேரமான 160-ஆல் வகுத்து மணிக்கூலி இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவது பலரும் செய்யும் பிழை. தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதத்தில் 160 மணிநேரத்துக்கும் பணம் கிடைக்காது. விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களிடம் பேசுவது, கணக்கு எழுதுவது, புதியதைக் கற்பது, வராத பணத்தைக் கேட்டு நடப்பது எல்லாம் போக 100 மணிநேரத்துக்குத்தான் பணம் வாங்க முடியும். கணினி, மென்பொருள் சந்தா, மின்சாரம், காப்பீடு ஆகியவை அவருடைய சொந்தச் செலவு. ஆகவே சம்பளத்தை 100-ஆல் வகுத்து, அதோடு கால்பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். தனிநபரின் நியாயமான மணிக்கூலி அது.

அந்த மாதச் சம்பளம் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிநேரம் 1.25 பங்கு. அறுபது மணிநேரத் தளம் 75 பங்கு. அதாவது, ஒழுங்காகச் செய்யப்பட்ட ஐந்து பக்கத் தளத்துக்கு நீங்கள் தனிநபரிடம் கொடுக்க வேண்டியது ஓர் அனுபவசாலியின் முக்கால் மாதச் சம்பளம். நீங்களே எழுத்தும் படமும் கொடுத்து, வார்ப்புருவில் செய்தால் 42 அல்லது 43 பங்கு. நிறுவனத்திடம் போனால் மணிக்கூலி ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஐந்து பக்கத் தளம் ஒன்றரை மாதச் சம்பளத்தைத் தொடும். அந்தக் கூடுதல் தொகை வீண் என்று சொல்லமாட்டேன். திட்ட மேலாளர், எழுதுபவர், சோதிப்பவர் என்று ஆட்கள் இருப்பார்கள்; ஒருவர் நோய்வாய்ப்பட்டால் வேலை நிற்காது. ஆனால் ஐந்து பக்கத் தளம் வேண்டும் சிறு தொழிலுக்கு அந்தக் கட்டமைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. இணையக் கடையாக இருந்தால் யோசிக்கலாம்.

கையில் இருக்கும் கொட்டேஷன் தொகையை இப்போது மணிக்கூலியால் வகுத்துப் பாருங்கள். முழுத்தளம் என்று சொல்லி 8 மணிநேர விலை மட்டும் கேட்கிறார் என்றால், 8 மணிநேரத்தில் எது நடக்கும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். வேறொருவருக்குச் செய்ததில் பெயரையும் லோகோவையும் மாற்றித் தருவார். இளைஞர் ஒருவர் கற்றுக்கொள்வதற்காகக் குறைந்த விலைக்குச் செய்வதும் உண்டு. அது தெரிந்தே எடுக்கும் முடிவாக இருந்தால் தவறில்லை. அவருடைய நேரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை மறக்காமல் நடத்துங்கள்.

நான்காம் படி: தளம் ஏற்றிய பிறகு வரும் செலவுகள்

இணையதளத்தை ஒருமுறைச் செலவு என்று நினைப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் அதிர்ந்துபோகிறார்கள். டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினி இடம்), உங்கள் பெயரில் மின்னஞ்சல், பணம் கட்டிய பிளகின்களின் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்களின்) உரிமம் ஆகிய நான்கும் ஆண்டுதோறும் வரும். இணையக் கடையில் பணம் பெறும் நிறுவனம் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். ஹோஸ்டிங்கில் முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதே உண்மையான விலை, அது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழுக்கென்று ஒருவர் தனியாகப் பணம் கேட்டால், இலவசச் சான்றிதழ் ஏன் போதாது என்று கேளுங்கள். சாதாரணத் தளத்துக்கு அது தாராளமாகப் போதும்.

இவற்றைவிடப் பெரியது பராமரிப்பு. வேர்ட்பிரஸும் பிளகின்களும் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. புதுப்பிக்காமல் விட்ட பழைய பிளகின் வழியாகத்தான் பெரும்பாலான திருட்டு நுழைவுகள் நடக்கின்றன. புதுப்பித்தல், காப்புப் பிரதி எடுத்தல், சிறு மாற்றங்கள் ஆகியவற்றுக்கு மாதம் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். மூன்று ஆண்டுகளில் அது 36 மணிநேரம். கட்டிய 60-ஐயும் சேர்த்தால் 96. மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தளம் ஏற்றிய பிறகு வருகிறது.

எதையும் ஒப்பிடும்போது மூன்றாண்டுச் செலவாகவே ஒப்பிடுங்கள். முதலில் மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு, மாதச் சந்தாவாக வசூலிக்கும் திட்டங்கள் இப்போது நிறைய வருகின்றன. சந்தாவை 36-ஆல் பெருக்கிப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். சந்தாவை நிறுத்தினால் தளம் உங்களிடம் இருக்குமா என்று கேட்கவும் வேண்டும்.

ஐந்தாம் படி: இந்தச் செலவு உங்கள் தொழிலுக்குத் தாங்குமா?

நியாயமான விலை என்பதும் உங்களுக்கு ஏற்ற விலை என்பதும் வேறு வேறு. மேலே சொன்ன 96 மணிநேரம் 120 பங்கு ஆகிறது. ஒரு புதிய வாடிக்கையாளரால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம், செலவெல்லாம் போக, 2 பங்கு என்று வையுங்கள். 60 புதிய வாடிக்கையாளர்கள் வந்தால் போட்ட பணம் திரும்பிவிடும். 36 மாதங்களில் மாதம் இரண்டு பேர்கூட ஆகவில்லை. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்பவருக்கும் பல் மருத்துவருக்கும் இது எளிதாகக் கட்டுப்படியாகும்.

ஒரு விற்பனையில் கிடைக்கும் லாபம் 0.05 பங்குதான் என்றால் 2,400 விற்பனைகள் வேண்டும், மாதம் 67. அந்த எண்ணிக்கை நடக்காது என்று உங்களுக்குத் தெரிந்தால் ஐந்து பக்கத் தளம் இப்போது வேண்டாம். தேடுபொறியின் வரைபடத்தில் இலவசமாகக் கிடைக்கும் வணிகப் பக்கத்தைச் சரியாக நிரப்பி, கூடவே ஒற்றைப் பக்கத் தளம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற நீங்களே கட்டிக்கொள்ளும் சேவைகளும் இந்த நிலையில் நல்ல வழிதான். இரண்டு வாரக் கடைசி நாட்களைச் செலவழித்தால் கண்ணியமான ஒரு பக்கம் எழுந்துவிடும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக முடியாது. வளர்ந்த பிறகு மாற நினைத்தால் புதிதாகக் கட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களில் சிலரை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் இரண்டு ஆண்டு கழித்து வந்தார்கள், அப்போது கணக்கு சரியாக இருந்தது.

ஆறாம் படி: கொட்டேஷனை வரி வரியாகப் படித்தல்

‘முழுமையான இணையதளம்: மொத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் வந்தால் திருப்பி அனுப்பி, பிரித்து எழுதச் சொல்லுங்கள். எத்தனை பக்கங்கள், எழுத்து யார் தருவது, படங்கள் யாருடையவை, எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் போனால் மணிக்கு என்ன கூலி, எந்தத் தேதிக்குள் முடியும், பிழை வந்தால் எத்தனை நாள் வரை இலவசமாகத் திருத்துவார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ‘வரம்பற்ற திருத்தங்கள்’ என்று எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை குறையும். யாருடைய நேரமும் வரம்பற்றதில்லை. மூன்றாவது திருத்தத்தோடு தொலைபேசியை எடுப்பது நின்றுவிடும்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்னொரு வரியைத் தேட வேண்டும். பழைய பக்க முகவரிகளிலிருந்து புதிய முகவரிகளுக்கு 301 வகைத் திசைமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) செய்துதருவாரா? அது இல்லாமல் புதுத்தளம் ஏற்றினால் தேடலில் இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த இடம் கரைந்துபோகும். பழைய இணைப்பைச் சொடுக்குபவர் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பைத்தான் பார்ப்பார்.

‘கூகுளில் முதலிடம் உறுதி’ என்று யார் சொன்னாலும் அந்த கொட்டேஷனை மூடிவையுங்கள். முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறது.

ஏழாம் படி: எது யாருக்குச் சொந்தம்?

இந்தப் படிக்கு ஒரு காசு செலவில்லை. இதைத் தவறவிட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஒருவர் என்னிடம் வந்தபோது அவருடைய இணையதளம் நான்கு நாட்களாகத் திறக்கவில்லை. விசாரித்தால், ஆறு ஆண்டுகளுக்கு முன் தளம் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் சொந்த மின்னஞ்சலில், தன் பெயரில் பதிவு செய்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்போது அது எளிதாக இருந்திருக்கும். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அங்கேயே கிடந்தன. காலாவதியான .காம் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிய பின்னும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, அதற்கு வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். ஆனால் பதிவு செய்தவரே வந்து கேட்க வேண்டும். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்த அவகாசமும் முடிந்து, பெயரை முன்பின் தெரியாத யாரோ வாங்கிவிட்டார்கள். கடைப் பலகை, பில் புத்தகம், வண்டியின் பக்கவாட்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது. வண்டியில் இருந்த எழுத்துகளின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு அவர் வந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே டொமைனை நீங்களே, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கி அட்டையில் வாங்குங்கள். பத்து நிமிட வேலை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம்; குறைந்தது தானாகப் புதுப்பிக்கும் வசதியையாவது இயக்கிவையுங்கள். ஹோஸ்டிங் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வடிவமைப்பாளருக்குத் தனியாக ஒரு நுழைவு கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.

ஒப்பந்தத்தில் பதிப்புரிமையையும் எழுதுங்கள். ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து வேலை செய்துகொடுப்பவரின் படைப்புக்கு, எழுத்தில் மாற்றித் தராதவரை, பல நாடுகளின் சட்டப்படி அவரே உரிமையாளர். முழுத்தொகை கொடுத்ததும் வடிவமைப்பு, எழுத்து, படங்கள் ஆகியவற்றின் உரிமை உங்களுக்கு வரும் என்று ஒரு வரி இருந்தால் போதும். அவர் வாங்கிப் பயன்படுத்திய படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் உரிமச் சீட்டு கேட்டு வாங்கிவையுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. தொடங்கும்போது 30 சதவீதம், வடிவமைப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டு தளம் சோதனை முகவரியில் எழுந்ததும் 40, ஒப்படைத்த பின் 30. முன்பணமே தரமாட்டேன் என்பது அவருக்கு அநியாயம். முழுவதையும் முன்பே கேட்பது உங்களுக்கு அநியாயம். தாமதம் உங்கள் பக்கம் வந்தாலும் இரண்டாம் தவணையை நிறுத்திவைக்காதீர்கள். வேலைகள் இழுபடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், தருவதாகச் சொன்ன எழுத்தும் படமும் உரிமையாளரிடமிருந்து வராததுதான்.

எட்டாம் படி: கடைசித் தவணைக்கு முன் செய்ய வேண்டிய சோதனை

ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதை நீங்களே செய்யுங்கள். வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு, விலை குறைந்த கைப்பேசியில் மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றுவது நல்ல வேகம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. பழைய கணினியில் அதிக வெளிச்சத்தில் எழுத்தைப் படித்துப் பாருங்கள். வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கும், வயதானவர்களால் படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது அணுகல்தன்மைக்கான உலகத் தரநிலை.

தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். மின்னஞ்சல் வந்ததா, ஸ்பேம் பெட்டியில் விழுந்ததா? மாதக்கணக்கில் விசாரணையே வரவில்லை என்று வருந்திய ஒருவரின் ஸ்பேம் பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட விசாரணைகளைக் கண்டெடுத்துக் கொடுத்தேன். படிவத்தை அமைத்தவர் மின்னஞ்சல் அங்கீகாரப் பதிவுகளை (மின்னஞ்சல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகளை) சேர்க்கவில்லை. அரைமணி நேர வேலை.

வேர்ட்பிரஸ் தளமென்றால் அமைப்புகளில் ‘வாசித்தல்’ பகுதியைத் திறந்து, தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம் என்ற பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டப்படும்போது அந்தக் குறியைப் போடுவது சரியான வழக்கம், ஏற்றிய பின் எடுக்க மறப்பதும் அடிக்கடி நடக்கும். அந்த ஒரு குறி இருக்கும்வரை தேடலில் உங்கள் தளம் வராது.

எல்லாம் சரியாக இருந்தால், டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகம், மின்னஞ்சல், வருகைக் கணக்கு ஆகிய ஐந்தின் நுழைவு விவரங்களையும் முழுக் காப்புப் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஐந்திலும் ஒருமுறை நுழைந்து, கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, மீதி 30 சதவீதத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.